குறிப்பேட்டில் இல்லாதவை

அடிகளின் உரைகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிவைத்தவன் என்ற முறையில், அவர் வரலாற்றைக் கேட்டு இன்றும் சிலர் என்னிடம் வருகின்றனர். அவர் பிறந்த ஊர் எது, பெற்றோர் யாவர், துறவு பூணுமுன் என்ன தொழில் செய்தார் என்னும் மூன்று வினாக்களுக்கும் என்னிடம் விடையில்லை. துறந்தவர் தாம் துறந்ததைப் பேசுவது மரபன்று. பிறர் அதனைத் துருவிக் கேட்பதும் மரபன்று. நாடு விடுதலை பெற்ற ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ அவர் தீவுக்கு வந்தார். இராமேசுவரத்திலிருந்து தெற்கே கடலோரமாக ஒரு மணி நேரம் நடந்தால் பாழ்பட்ட கல்மண்டபம் ஒன்றுண்டு. அங்கே அமர்ந்தார், இறுதிவரை அங்கேயே இருந்தார். அவர் பேச்சு எங்கள் சீமைப் பேச்சாகவே இருந்ததால், வைகைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஊரினர் என்பது மட்டும் எல்லார்க்கும் விளங்கிற்று.

யான் அக்காலத்தில் இராமநாதபுரத்தில் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியன். சனிக்கிழமைதோறும் புகைவண்டியேறித் தீவிலுள்ள அக்கல்மண்டபத்துக்குச் செல்வேன். அடிகள் சொற்பொழிவு ஆற்றுபவர் அல்லர். நாள் முழுதும் வாளா இருப்பார். மாலையில் யாரேனும் ஒன்று கேட்டால் விடையாக வேறொன்றைக் கேட்பார். ஒருமுறை கரையில் உலர்ந்துகொண்டிருந்த வலையைக் காட்டி, “இதுல வலைங்கிறது எதுய்யா? நூலா, ஓட்டையா?” என்றார். நூல்தான் என்றார் ஒருவர். “அப்படின்னா நூல்கண்டைத் தூக்கிக் கடல்ல எறி, மீனு வருதான்னு பாப்போம்.” ஓட்டைதான் என்றார் மற்றொருவர். “அது கடல் பூராவும் கெடக்கே, எதுக்கு வலை?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பரமக்குடியிலிருந்து வரும் நெசவாளர் ஒருவர் அன்றிரவு உண்ணவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

இத்தகைய பேச்சை அப்படியே எழுதுவது அவர்க்கு இழுக்கு என்று கருதினேன். ஆதலின் அன்றன்று கேட்டதை ஞாயிறன்று செந்தமிழில் அமைத்துக் குறிப்பேட்டில் எழுதுவேன். வலையைப் பற்றிய அச்சில தொடர்களும் என் கையில் இரண்டரைப் பக்கம் ஆயின: உள்பொருளும் வெறுவெளியும் ஒன்றையொன்று சார்ந்து நிற்குமாறு, அச்சார்பை அறியும் அறிவு இரண்டிலும் அடங்காமை, இன்னபிற. அடுத்த வாரம் அதனை அவரிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்லா இருக்கு. யாரு சொன்னது?” என்றார்.

சூழ இருந்தோர் சிரித்தனர். அவர் என்னைப் பாராட்டினார் என்றே யான் நெடுநாள் கொண்டிருந்தேன்.

வேறொரு வழக்கமும் எனக்கு இருந்தது. மெய்யியல் தொடர்பானவற்றை மட்டுமே எழுதுவேன். உணவு, உடல்நலம், வெயில், வந்துபோகிறவர்களின் குடும்பச் செய்தி என அவர் பேசியவை குறிப்பேட்டுக்கு உரியன அல்ல என்று தள்ளிவிடுவேன். இதனால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒரு கோடையில், அடிகள் மழை தருவதாக வாக்களித்தார் என்று யாரோ கிளப்பிவிட, உள்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்துவிட்டனர். யான் அவர்கள் நடுவே எழுந்து நின்று, “குறிப்பேட்டில் இல்லாதது அடிகள் மொழிந்ததன்று” என்று உரக்கச் சொன்னேன். கூட்டம் கலைந்தது. அன்று முதல் அதுவே நெறியாயிற்று. அடிகள் பெயரால் எவரேனும் எதையேனும் சொன்னால், “வாத்தியார் நோட்டுல இருக்கா?” என்று கேட்பார்கள். அடிகள் மட்டும் ஒருநாள், “ஏய்யா, நேத்து நான் தும்முனேனே, அது இருக்கா?” என்றார்.

அவரிடம் வந்தோருள் இருவரை இங்குச் சொல்லல் வேண்டும். ஒருவர் கடலாடிப் பக்கத்து நிலக்கிழார். நன்செய்யும் புன்செய்யும் நிரம்ப உடையவர், உரத்த குரலினர், அடிகள் முன்னிலையில் மட்டும் அக்குரல் அடங்கிவிடும். மற்றவர் அக்கடலோரத்து முஸ்லிம் படகு உரிமையாளர். படகுடையவரை அங்குச் சம்மாட்டி என்பர். அவர் உரை கேட்க வருபவர் அல்லர். வத்தை என்னும் தம் படகைக் கரையேற்றிய பின் மண்டபத்து நிழலில் சற்று அமர்ந்து, இரண்டொரு சொல் பேசிவிட்டுத் தொழுகை வேளைக்கு எழுந்து போவார். எனவே கேட்போர் வரிசையில் யான் அவரை எண்ணியதேயில்லை.

ஒரு சனிக்கிழமை அச்சம்மாட்டி பாய்ச்சீலை வாங்கப் பாம்பனுக்குப் புறப்பட்டார். “சாமி, சும்மா வாரீகளா? கடலைக் கரையிலேருந்தே பாத்துக்கிட்டிருக்கீகளே” என்று அழைத்தார். அடிகள் சிறுபிள்ளை போல் எழுந்து சென்று வத்தையின் முன்பக்கத்தில் அமர்ந்துகொண்டார். யானும் உடன் சென்றேன். கரை தேய்ந்து கோடாகிய பின், அவர் தண்ணீரில் கையை விட்டு அளைந்தபடி, தம் உடலை என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் சொன்னார். துறவியரின் உடலை எரிப்பது வழக்கமன்று. குழி தோண்டி, அமர்ந்த நிலையில் இருத்தி, உப்பும் நீறும் வில்வமும் இட்டு மூடி, மேலே ஒரு மேடை கட்டுவர். அவர் அதனை வேண்டா என்றார். கடலில் இடச் சொன்னார். யான் தலையசைத்தேன். சம்மாட்டி பின்னால் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறன்று குறிப்பேட்டைத் திறந்தபோது, அது உடலைப் பற்றிய பேச்சாதலின் எழுதாது விட்டேன். அவ்வார உரை அரைப் பக்கத்தில் முடிந்திருந்தது. மீதி அரைப் பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.

இரண்டாண்டுகள் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், அடிகள் நோயுற்றார். நிலக்கிழார் செய்தி அறிந்ததும், தம் ஊர்ப்பக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பு மூட்டைகளைப் புகைவண்டியில் ஏற்றித் தாமும் வந்து சேர்ந்தார். அடிகளுக்கு அப்போது நினைவு இருந்தது. மண்டபத்து மூலையில் மூட்டைகள் அடுக்கப்படுவதைக் கண்ட சம்மாட்டி, “மனுசன் ஹயாத்தோட, உசுரோட இருக்கையிலேயே உப்பு வந்துருச்சாக்கும்” என்றாராம். “கடைசி நேரத்துல அலைய முடியுமா சம்மாட்டி?” என்று நிலக்கிழார் நொந்துகொண்டாராம். அவர் செய்தது அன்பினாலேயே என்பதில் எனக்கு என்றும் ஐயமில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் அடிகள் மறைந்தார். தந்தி கண்டு நண்பகலளவில் யான் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்துக்குக் கிழக்கே குழி தோண்டிக்கொண்டிருந்தனர். இடுப்பளவு ஆழத்தில் நீர் சுரந்தது. ஒருவர் அள்ளிப் பருகிப் பார்த்து, “இனிக்குது! கங்கை வந்துட்டா!” என்று கூவினார். பலர் குழிக்குள் கைநீட்டித் தலையில் தெளித்துக்கொண்டனர். அத்தீவின் மணலில் எங்கு தோண்டினும் நன்னீர் சுரக்கும் என்பது அங்கு வாழ்வோர் அறிந்ததே; துயரத்தில் அதனை எடுத்துரைக்க எவருக்கும் மனம் வரவில்லை. மேற்கே தோண்டினர், அங்கும் நீர். மேட்டில் தோண்டினர், சற்று ஆழத்தில் அங்கும் நீர்.

நிலக்கிழார் அப்போதுதான் தம் முடிவைச் சொன்னார்: “இங்கன சாமியத் தண்ணியில உக்கார வைக்கிறதா? எங்கூருக்குக் கொண்டுபோவோம். கெட்டித் தரை. தோட்டத்துல எடம் இருக்கு. கல்லுல கோயிலே எடுப்பேன். வருசா வருசம் குருபூசை நடக்கும், ஊரே சாப்பிடும். அக்கரையில மண்டபம் ஊரு ஸ்டேசன் வரைக்கும் படகுல போனா, அங்கன லாரிக்குச் சொல்லிக்கலாம்.”

எல்லாரும் தலையசைத்தனர். யான் எழுந்தேன்.

“அன்பர்களே, அடிகளின் விருப்பம் வேறு. ‘இவ்வுடல் வீழ்ந்தபின் இதனைக் கடலிடைச் சேர்ப்பிக்க, இதன்மீது கல் நாட்டற்க’ என்று என்னிடம் கூறியுள்ளார்.”

நிலக்கிழார் என்னை நோக்கி, “சாமி ‘நாட்டற்க’ன்னா சொன்னாக?” என்றார்.

அழுதுகொண்டிருந்தவர்களில் இருவர் சிரித்துவிட்டனர். எனக்கு முகம் சுட்டது. “சொற்கள் என்னுடையவை, கருத்து அவருடையது” என்றேன்.

“நோட்டுல இருக்கா?” என்று பரமக்குடி நெசவாளர் கேட்டார். அவர் எள்ளி நகையாடவில்லை; உண்மையாகவே கேட்டார்.

“இல்லை.”

“வாத்தியாரய்யா,” என்றார் நிலக்கிழார், குரலைத் தாழ்த்தி, “நோட்டுல இல்லாதது சாமி சொன்னதில்லைன்னு நீங்கதான நெஞ்சை நிமித்திச் சொன்னீக? நாங்க அதை நம்பித்தான இம்புட்டு வருசம் இருந்தோம்? இன்னைக்கு ஒங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

அவர் கேட்டது முறையான வினா. அந்நெறியை வகுத்தவன் யான். அதனை என் பொருட்டுத் தளர்த்துமாறு கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவ்வுடல் கடலாடிக்குப் போகுமாயின், அடிகள் என்னிடம் வேண்டிய ஒன்றே ஒன்றும் என் கவனக்குறைவால் பொய்த்துப் போகும்.

மண்டபத்தின் பின்புறம் சென்று பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். அந்த அரைப் பக்கம் அப்படியே இருந்தது. தூவலையும் எடுத்தேன். எழுதப் போவது உண்மை. எழுதும் நாள் மட்டுமே பொய். இதனை எத்தனை அறநூல்களில் ஆராய்ந்திருப்பேன்! ஆயினும் அப்போது எனக்கு முதலில் தோன்றியது அறமன்று. பழைய எழுத்து வெளிறியிருந்தது, புதிய மை கருநீலமாய்த் தெரியுமே என்பதுதான். அவ்வச்சமே என்னைத் தடுத்தது. அதன்பின்னரே நாணம் வந்தது. தூவலை மூடினேன்.

முன்புறம் திரும்பியபோது சம்மாட்டியை அழைத்து வந்திருந்தனர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து, தலையில் தொப்பியோடு வந்திருந்தார். அடிகளின் காலடியில் சற்று நின்றுவிட்டு, நிலக்கிழாரிடம், “எத்தனை பேரு ஏறணும்?” என்று கேட்டார்.

“எட்டுப் பேரு, சாமியோட ஒம்பது. உப்பையும் ஏத்தணும். அக்கரையில, மண்டபம் ஸ்டேசன் கரையில எறக்கிவிட்டாப் போதும்.”

“கரையிலயா?” சம்மாட்டி திகைத்தார். “கரைக்கு எதுக்கு? சாமி கடல்லதான போடச் சொன்னாக?”

கூட்டம் முழுதும் அவரை நோக்கித் திரும்பிற்று.

“ஒமக்கு யாரு சொன்னா?” என்றார் நிலக்கிழார்.

“சாமிதான். என் வத்தையில வச்சுத்தான். வாத்தியாரும் இருந்தாரே, அவரு சொல்லலையா? நல்ல வாத்தியாரு போங்க!” என்று என்னைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார். பின்பு, தம்மை அறியாமலே அடிகள் அமரும் பாங்கில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்: “‘ஏய்யா வாத்தியாரே, இந்தக் கட்டை விழுந்தா இதுக்குள்ள தூக்கிப் போட்டுருங்க. மேல கல்லு கில்லு வச்சுறாதீங்க. வச்சீங்கன்னா கல்லுக்கு எண்ணெ தேய்க்கவே ஒங்களுக்குப் பொழுது சரியாப் போகும், நான் கேட்டதுக்கு எவனும் பதிலு தேடமாட்டீங்க.’ இதான் சொன்னாக. சொல்லிட்டு என்னயப் பாத்து, ‘என்ன சம்மாட்டி, ஓங்கடல்ல எடம் இருக்கா?’ன்னாக. ‘அது என்ன ஏங்கடலா சாமி, அல்லாவோட கடலு’ன்னேன். ‘அப்ப அவுககிட்டயே கேட்டுக்கிறேன்’னாக.”

நெசவாளர் தரையில் அமர்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் யான் நூறு நூறு பக்கங்கள் எழுதியும் அக்குரலை ஒரு வரியிலும் பிடித்ததில்லை. அம்மனிதர் சுக்கானைப் பிடித்தபடியே முழுதும் பிடித்து வைத்திருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்ப்பதைப் பற்றியும், பதில் தேடுவதைப் பற்றியும் அடிகள் சொன்னதை யான் மறந்தே போயிருந்தேன்.

சம்மாட்டி தொடர்ந்தார்: “எங்கள்ல ஒருத்தர் வசிய்யத்து, அதான் கடைசி விருப்பம், சொல்லிட்டு மவுத்தாப் போனா, ரெண்டு சாட்சி இருந்தாப் போதும், அதைச் செஞ்சே ஆகணும். வாத்தியார் ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சி. அப்புறம் ஒங்க இஷ்டம். ஆனா கரைக்குன்னா என் வத்தை வராது. வேற படகு பாத்துக்கங்க.”

நிலக்கிழார் என்னிடம் வந்து, “அது சாமி பேச்சுத்தான்” என்றார். “ஆனா நான் எங்கன போய்க் கும்பிடுவேன், அதைச் சொல்லுங்க.”

பிற்பகலில் ஓலைக்கூடையில் அடிகளை அமர்ந்தவாறே இருத்தி, காவியால் மூடி, கடற்கல் இரண்டைக் கட்டினர். கல் வேண்டா என்றவர்க்குக் கல் கட்டலாமா என்று ஒருவர் தயங்கியபோது, “இது மேல வைக்கிற கல்லு இல்லய்யா, கீழ கட்டுற கல்லு. இல்லாட்டி நாளைக்கே சாமி கரைக்கு வந்துருவாக” என்றார் சம்மாட்டி. உப்பு மூட்டைகளை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. “கடலுக்குள்ள உப்பு எதுக்கு? கருவாட்டுக்கு ஆகும், விட்டுட்டுப் போங்க” என்றார். நிலக்கிழார் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு முடியுமுன்னரே அழுதார். இறுதியில் ஒரு கைப்பிடி உப்பை மட்டும் கூடைக்குள் இட்டார்.

ஆழமான இடத்தில் கூடையை இறக்கினோம். நிலக்கிழார் எழுந்து நின்று கரையைப் பார்த்தார். இராமேசுவரக் கோயிற் கோபுரம் எத்திசையில் தெரிகிறது என்று கணித்துக்கொள்ள முயன்றார். வத்தை ஆடியதால் விழப்போனார். “இது எந்த எடம்னு நீரு குறிச்சுக்கிட்டீரா?” என்று சம்மாட்டியைக் கேட்டார்.

“மறந்துபோச்சே” என்றார் சம்மாட்டி. வலை போட்ட இடத்தை மூன்று திங்கள் கழித்தும் கண்டுபிடிக்கும் மனிதர் அவர்.

அதன் பின்னர் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வேன். மேடை இல்லாமையால் குருபூசை இல்லை. குருபூசை இல்லாமையால் கூட்டம் இல்லை. இரண்டு மூன்று சனிக்கிழமைகள் மண்டபத்தில் கூடினோம். யான் குறிப்பேட்டைப் படித்தேன். அவர்கள் மரியாதையோடு கேட்டனர். பின்னர் வருவதை நிறுத்திக்கொண்டனர். நெசவாளர் மட்டும், தம் தறியில் அமர்ந்திருக்கும்போது அடிகளின் வினாக்கள் நினைவுக்கு வருவதாகவும், ஒன்றுக்கும் விடை கிட்டவில்லை என்றும் ஓர் அஞ்சலட்டை எழுதினார். இதுதான் அடிகள் வேண்டியதா என்று எனக்குத் தெரியாது. பெரியதொரு மடம் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் எழவில்லை என்று என்னைப் பழிப்போர் இன்றும் உளர். அவர்கள் கூற்றை முற்றும் மறுக்க என்னால் இயலவில்லை.

மறு ஆண்டு, அடிகள் மறைந்த அதே நாளில், நிலக்கிழார் இராமநாதபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார். கடற்கரைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

“போயி? எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுறது?” என்றார். மோர் கொடுத்தேன், பருகாமல் வைத்திருந்தார். பின்பு, தம் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “வாத்தியாரய்யா, நோட்டுல போடாதது இன்னும் இருக்குமில்ல? என்னயப் பத்திச் சாமி என்னைக்காச்சும் ஏதாச்சும் சொன்னாகளா?”

இல்லையென்றே சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு சித்திரை நண்பகல். நிலக்கிழார் தொலைவில் மணலில் வந்துகொண்டிருந்தார். அதனை என் நடையில் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மீண்டும் தொடங்கினேன். அவ்வகைப் பேச்சு என் நாவுக்குப் பழக்கமில்லை.

“‘அந்தா வாராரு பாரு. அரை மைலுக்கு முன்னாலயே செருப்பைக் கழட்டிர்றாரு. மணலு நெருப்பாக் கெடக்கு. போட்டுக்கிட்டே வரச் சொல்லுய்யா அவரை.’ இவ்வாறு சொன்னார்.”

“ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாகளா?”

“ஆம்.”

“நீங்க சொல்லலையே.”

“மெய்யியல் அன்று என விட்டுவிட்டேன்.”

என் மீது சினம் கொள்வார் என எதிர்பார்த்தேன். அவர் மோரை எடுத்து ஒரே மூச்சில் பருகினார். “எப்ப சொன்னாக? எந்தச் சித்திரை?” என்றார். எந்த ஆண்டு என என்னால் அறுதியிட இயலவில்லை. “சரி, விடுங்க” என்று மேல்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார்.

“இன்னும் யோசிங்க” என்றார். “கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான்.”